பிள்ளை குடுத்தவள்

பெல்மதுளைச் சந்தியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் ரஸாக்கின் மகள் ஹிமாயா, கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினாள். வருகிறவர்கள் ஓலெவல் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள், கூடவே வெளிநாட்டுக்குப் போகத் தவம் கிடக்கிற நாலைந்து பெரியவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் போன நவம்பரில் ஒரு ஞாயிறு அழகம்மா வந்து நின்றாள். வயது ஐம்பத்தொன்பது. செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டு, புதுக் கொப்பி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, யாரோ பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்றுதான் ஹிமாயா நினைத்தாள்.

"யாருட அம்மா நீங்க?"

"யாரோட அம்மாவும் இல்லீங்க டீச்சர். நான் படிக்கத்தான் வந்தேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரித்ததைக் குற்றம் சொல்ல முடியாது. உடகெட்டிய தோட்டத்தில் நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒருத்தி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், இந்த வயதில் இங்கிலீஷ் படித்து எந்த ஆபீசில் உட்காரப்போகிறாள்? அழகம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பினாலும் எழும்பமாட்டாள் என்பது உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

"எவ்வளவு நாளைக்குள்ள படிக்கணும்?" என்று ஹிமாயா கேட்டாள்.

"ரெண்டு மாசம் இருக்குங்க. தை பொறந்தா ஆளு வந்துரும்."

யார் வருகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. ஹிமாயாவும் அன்றைக்குக் கேட்கவில்லை.

வரப்போகிற ஆளைப் பற்றி நாம் இப்போதே தெரிந்துகொள்வோம். நுஹ்மான் என்று ஒரு வேன்காரன். வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மாணிக்கக் குழி காட்டித் திரிந்தவன், இந்த நாலைந்து வருஷமாக இன்னொரு வேலையும் செய்துவந்தான். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தைகளாக இந்தப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போனவர்கள், இப்போது பெரியவர்களாகிப் பெற்றவளைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கையில் ஒரு பழைய தாள் இருக்கும். அந்தத் தாளில் ஒரு பேர், ஒரு தோட்டம். அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் நுஹ்மான் கெட்டிக்காரன். அவன் உடகெட்டியவுக்கு வந்து, பீலிக்கரையில் துணி துவைத்த பெண்களிடம், "மூக்கையாட பொண்டாட்டி அழகம்மா எந்த வீடு?" என்று விசாரித்தான்.

"யாரு, அந்தப் புள்ள குடுத்தவளா? மேல் லயத்துல கடைசிக் காம்பரா" என்று மேட்டில் வரிசையாக ஒட்டியிருந்த அறைகளைக் கை காட்டினாள் ஒருத்தி.

அதுதான் அவளுக்குத் தோட்டத்தில் பேர். புள்ள குடுத்தவ. நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு வளைகாப்பு என்றால் அவளுக்குச் சொல்லியனுப்ப மறந்துபோகும். பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால், தூக்கிக் கொடுக்காமல் தொட்டிலில் போட்டு ஆட்டத் தொடங்குவார்கள். அவளுக்கு அதற்குப் பிறகு பிள்ளையே பிறக்கவில்லை. 'கொடுத்தவளுக்குக் கடவுள் எதுக்குத் திரும்பக் கொடுப்பான்' என்று அதற்கும் ஒரு பேச்சு இருந்தது. மூக்கையா இருந்தவரைக்கும் யாராவது வாய் தவறிச் சொன்னால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். அவனும் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

நுஹ்மான் மரபணுச் சோதனைக்கென்று அவள் வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்து எடுத்துப் போனான். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தான்.

"நூத்துக்கு நூறு உங்கட மகள்தான் அம்மா. பேரு ஆனெக்கா. ஹாலந்துல ஈக்கிறாங்க. தை மாசம் உங்களைப் பாக்க வாறாங்க."

பாவம், அவன் அழுகையை எதிர்பார்த்து ஒரு சோடாப் போத்தலோடு வந்திருந்தான். அழகம்மா அழவில்லை. சோடாவை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "அது என்னா பாசை பேசும் தம்பி?" என்று கேட்டாள்.

"அவங்கட பாஷை ஒண்டு ஈக்கி. இங்கிலீஷும் பேசுவாங்க. நீங்க பயப்பட வாணாம், நான் செல்லித் தாறேன் தானே."

"வேணாம் தம்பி. முப்பத்தெட்டு வருசமா என் பேச்ச மத்தவங்கதான் பேசுனாங்க. இத மட்டும் நானே பேசுறேன்."

இப்படித்தான் அவள் ஹிமாயாவின் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள்.

நாலாவது வாரம். அன்றைக்கு ஹிமாயா பலகையில் 'கிவ்' என்று எழுதி, கீழே வட்டம் போட்டாள். இங்கிலீஷ்காரனுக்கு ஒரு வார்த்தை வேலைக்குச் சேர்ந்துவிட்டால் போதும், தோட்டத்து ஆளிடம் வாங்கினதுபோல அதனிடமும் வேலை வாங்கிவிடுவான். ஒரே சம்பளம், இருபது வேலை. பிள்ளை பெறுவதற்கும் அந்த வார்த்தைதான், தோற்றுப் பணிந்துபோவதற்கும் அதுதான். முயற்சியைக் கைவிட்டாலும் அதுதான், பாலம் இடிந்து விழுந்தாலும் அதுதான். ரோட்டில் அடுத்தவனுக்கு வழி விடுவதற்கும் அதையே பலகையில் எழுதி நட்டுவைத்திருக்கிறான். ஹிமாயா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொண்டே போனார்கள். அழகம்மா தமிழெழுத்தில் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாள். பதினாலு அர்த்தம் முடிந்ததும் கொப்பியை மூடி வைத்துவிட்டு எழும்பி நின்றாள்.

"டீச்சர், திரும்பி வாங்கிக்கிறதுக்குன்னே குடுக்குறதுக்கு என்னாங்க?"

"அது வேற வார்த்தை அம்மா. லெண்ட். இரவல் குடுக்குறது."

"இரவல் இல்லீங்க. இரவல் வந்து, வாங்குறவங்களுக்குத் தேவைன்னு குடுக்குறது. இது எனக்குத் தேவைன்னு நான் குடுக்குறது."

"அப்ப அடகு வைக்கிறதா?"

"அடகு வச்சா கைநீட்டி ஒண்ணு வாங்குவோமே. நான் ஒண்ணுமே வாங்கலீங்களே."

முன்வாங்குப் பெண்பிள்ளை ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹிமாயா சிரிக்கவில்லை. கேள்வி கேட்டவளின் கை வாங்குப் பலகையை இறுகப் பிடித்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கீழே பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து இரண்டு பிளேன்டீ எடுத்துவரச் சொல்லிவிட்டு, "இப்ப செல்லுங்க. யாருக்கு என்னத்தக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அழகம்மா சொன்னாள்.

கல்யாணமாகி முதல் பிள்ளை இருபத்தோராம் நாள் போனது. இரண்டாவது பதினேழாம் நாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, லயத்தில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: தவிட்டுக்கு வாங்கிரு. கேள்விப்படாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை முப்பது நாளுக்குள் வேறொருத்தி கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் சொந்தமாக இருக்கக் கூடாது. அவள் பெற்றதெல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். 'இது என் பிள்ளை இல்லை, உன் பிள்ளை' என்று சொல்லி மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மூன்றாம் நாள் ஒரு சுளகு நிறையத் தவிடு கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பிள்ளையை விலைக்கு வாங்கிவர வேண்டும். பெற்ற பிள்ளையைத்தானே எமன் தேடி வருகிறான்? தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை அவன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் சட்டிபானையோடு கொண்டுவந்த நம்பிக்கை இது. அப்படி வாங்கின பிள்ளைகள் தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் கட்டுமஸ்தாகத் திரிந்தார்கள்.

லயத்தில் இருந்த ஆட்களெல்லாம் ஏதோ ஒரு வழியில் சொந்தம். வெளியாளுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு நோனா, சிங்களச் சீமாட்டி, வந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால்மாவும் சட்டையும் பங்கு போட வந்ததாகச் சொன்னாள். தமிழும் பேசினாள், சிங்களமும் பேசினாள். அழகம்மாவின் மடியில் கிடந்த பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கதையைக் கேட்டாள். "அனே பவ்", ஐயோ பாவம் என்று கண் கலங்கினாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "எனக்கு மூணு பிள்ளை, மூணும் நல்லா இருக்கு. என் கையில தாங்க. மூணாம் நாள் ரத்தினபுரிக்கு வந்து தவிட்டைக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போங்க."

கடவுளே அனுப்பினதுபோல இருந்தது என்றாள் அழகம்மா. நோனா ஒரு தாளை எடுத்தாள். மூன்று நாளைக்குள் பிள்ளைக்குச் சுகமில்லாமல் வந்தால் ஆஸ்பத்திரியில் காட்டத் துண்டு வேண்டாமா என்றாள். தோட்டத்துச் சனத்துக்கு இதில் சந்தேகம் வருமா? மருந்துக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு, செத்தால் பெட்டிக்குத் துண்டு. துண்டில்லாமல் ஒரு கதவும் திறந்ததில்லை. அழகம்மாவுக்குப் பேர் எழுதத் தெரியும், ஆனால் மை டப்பாவைத் திறந்து நோனா விரலைப் பிடித்தபோது, தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கைநாட்டு வைத்தாள். 'இது என் பிள்ளை இல்லை, உன் பிள்ளை' என்று வாயாரச் சொன்னாள். மடியில் போட்டாள். முறைப்படி, திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

"அந்த ஒரு தரம் திரும்பிப் பாத்திருந்தா, மொகமாவது நெனவு இருந்திருக்குங்க" என்று சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

மூன்றாம் நாள் மூக்கையா சுளகைத் துணியால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் தவிடு சிந்துகிறது என்று கண்டக்டர் ஏசினான். நோனா சொன்ன தெருவில் அந்த இலக்கத்தில் வீடு இருந்தது. உள்ளே ஆள் இல்லை. காவல்காரன் மட்டும், வெள்ளைக்கார அம்மாவும் ஐயாவும் வந்திருந்தார்கள், நேற்றே எல்லோரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்றான். அவர்கள் அந்தி வரைக்கும் கேட்டுக்கு வெளியே தவிட்டோடு நின்றார்கள். பிறகு முறையிடப் போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். கைநாட்டு இருக்கிறது, சாட்சி இருக்கிறது, நீதானே கொடுத்தாய்? கொடுத்துவிட்டு இப்போது என்ன?

ஹிமாயாவின் பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதினாலு அர்த்தத்தைப் பலகையில் எழுதிவிட்டு, பெரிய படிப்புப் படித்தவள் என்று நின்றோமே என்று வெட்கம். அவள் அழகம்மாவின் கொப்பியை இழுத்து, தமிழெழுத்தில் பெரிதாக எழுதினாள்: ஐ டிட் நாட் கிவ் யூ. தே டுக் யூ.

"நான் ஒங்களக் குடுக்கல்ல, அவங்க எடுத்துட்டாங்க. இது போதுமா அம்மா?"

"அந்தத் தவிடு?"

"அத நான் பக்கத்துல இருந்து வெளங்கப்படுத்துறேன். இந்த ரெண்டு வரியையும் நீங்களே செல்லுங்க."

அதற்குப் பிறகு ஒரு மாதம் உடகெட்டிய தோட்டமே இங்கிலீஷ் கேட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, விறகு கட்டும்போது, சோறு வடிக்கும்போது, அழகம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. 'கிவ்வு' என்றுதான் அவளுக்கு வந்தது. அந்தக் கடைசி உகரத்தைக் கழற்ற ஹிமாயா பட்ட பாடு கொஞ்சமில்லை. "அழகம்மாக்கா லண்டனுக்குப் போறாங்க டோய்" என்று லயத்துப் பெண்கள் கேலி பண்ணினார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் பொறுங்கடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மகள் வருவாள், வாசலில் எல்லோரும் நிற்பீர்கள், உங்கள் காதிலும் விழத்தான் போகிறது.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை நுஹ்மானின் வேன், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் வந்து நின்றது. ஹிமாயா முன்கூட்டியே வந்து அழகம்மாவின் காம்பராவில் இருந்தாள். படியேறி வந்தவளைக் கண்டதும் லயத்துச் சனம் போட்ட வேலையைப் போட்டபடி வந்து கூடியது. காற்சட்டையும் சப்பாத்தும் போட்டிருந்தாளே தவிர, அவள் நெற்றி அழகம்மாவின் நெற்றி. விரிந்த காது மூக்கையாவின் காது. கூடையை மாட்டிவிட்டால் நாளைக்கே பிரட்டில் நிற்கலாம், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனெக்கா வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்து வந்து அழகம்மாவைக் கட்டிக்கொண்டாள். அழகம்மாவின் கைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இருபத்தைந்து நாள் குழந்தையாகக் கொடுத்தது, இப்போது தோளுக்கு மேல் நிற்கிறது. தலையைத் தடவினாள், முதுகைத் தடவினாள், காதைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷம்தான். இவ்வளவு வலிக்கிற சந்தோஷம் ஒன்று உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இரவல் கதிரையில் மகளை உட்காரவைத்து, உளுந்து வடையையும் தேத்தண்ணியையும் கொடுத்தாள். வாசலிலும் யன்னலிலும் சனம் நெருக்கியது. இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று அழகம்மா ஒரு தரம் தொண்டையைச் செருமினாள். அதற்குள் ஆனெக்கா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரக் கிழவி. காட்டிக்கொண்டே வேகவேகமாகப் பேசத் தொடங்கினாள். பேசப் பேச முகம் சிவந்தது. ஹிமாயா கேட்டுக்கொண்டே இருந்தாள், முடிகிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னா சொல்லுது டீச்சர்?"

"அது அவங்கள வளத்த உம்மா. எழுபத்தொன்பது வயசாம்." ஹிமாயா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "போன வருஷம் அங்க டீவில ஒரு செய்தி போச்சாம். இங்கேந்து போன புள்ளைகள்ல கனக்கப் பேர, தாய்மார ஏமாத்தித்தான் எடுத்தாங்களாம் எண்டு. அந்த நாளேலேந்து அந்த மனிசி சரியாச் சாப்பிடுறல்ல. ஒரு தாய்ட புள்ளயக் களவெடுத்துட்டேன் எண்டு செல்லிச் செல்லி அழுறாவாம். நோயும் கூடிட்டுதாம். இன்னம் ரெண்டு மூணு மாசந்தான் எண்டு டொக்டர் செல்லியிருக்காராம்."

"எங்கிட்ட என்னா கேக்குது?"

"நீங்க மனசொப்பித்தான் தன்னைக் குடுத்தீங்களா, இல்லாட்டி ஏமாத்தி எடுத்தாங்களா எண்டு கேக்குறாங்க. எதுண்டாலும் பரவாயில்ல, உண்மையச் செல்லுங்க எண்டு கேக்குறாங்க."

எதுவென்றாலும் பரவாயில்லை என்று வாய் கேட்டது. ஆனால் கண் அழகம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பரீட்சை முடிவு பார்க்க நிற்கிற பிள்ளையின் கண் அது. எந்தப் பதிலுக்காக அது ஐயாயிரம் கட்டை தூரம் பறந்து வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷ் தேவையில்லை, பெற்றிருந்தால் போதும்.

அழகம்மாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்க அவள் என்ன கல்லா? நீ ஒரு வருஷமாகத்தானே சாப்பிடவில்லை, நான் முப்பத்தெட்டு வருஷமாக என்ன செய்தேன் என்று அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. பால் கட்டின மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையேறினபோது நீ எங்கேயடி இருந்தாய்? என் பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததை யார் பார்த்தது? அழட்டும், நன்றாக அழட்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே படத்தைக் கிட்ட வாங்கிப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கழுத்து எலும்பு தெரிந்தது. சோறு இறங்காத முகம். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ரத்தினபுரியிலிருந்து வந்த பிறகு எத்தனையோ மாதம் கண்ணாடியில் பார்த்த முகம்.

பல்லைப் பார்த்தவள் இவள்தான். காய்ச்சலுக்கு விழித்திருந்தவள் இவள்தான். தன்னைத் தேடிக்கொண்டு வருகிற அளவுக்கு மனசுள்ள பிள்ளையாக வளர்த்தவளும் இவள்தான். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய். இரண்டு பேருமா வயிறெரிந்து சாக வேண்டும்?

"அம்மா, உள்ளதச் செல்லுங்க" என்று ஹிமாயா மெல்லச் சொன்னாள். "தவிட்டுக் கதைய நான் அப்படியே வெளங்கப்படுத்துறேன். நீங்க இவ்வளவு நாளும் பட்டதுக்கு, அவங்க தெரிஞ்சுக்கட்டும்."

"வேணாங்க டீச்சர். நானே சொல்லிக்கிறேன். அதுக்குத்தானே படிச்சேன்."

அவள் மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"யெஸ்" என்றாள். "ஐ கிவ். ஐ கிவ் யூ. நோ க்ரை."

உகரம் வரவில்லை. ஹிமாயா அத்தனை ஞாயிறு பாடுபட்டதற்கு, அன்றைக்குத்தான் அந்த வார்த்தை சுத்தமாக வந்தது.

ஹிமாயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அழகம்மா அவளைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். ஹிமாயா வாயை மூடிக்கொண்டாள், கண்ணைத்தான் மூட முடியவில்லை. ஆனெக்கா அழகம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதாள். ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் அழுகிற அழுகை அது. அழுது முடித்ததும் அவசர அவசரமாகப் போனை அழுத்தினாள். திரையில் அந்தக் கிழவி வந்தாள், கட்டிலில் இருந்தபடியே. மகள் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொல்ல, கிழவியின் கை வாய்க்குப் போனது. ஆனெக்கா போனைத் திருப்பி அழகம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

திரும்பவும் சொல்லச் சொல்கிறாள் என்று அழகம்மாவுக்கு விளங்கியது. மகளிடம் சொன்னதுகூடச் சுலபம். இவளிடம் சொல்ல வேண்டுமே. அவள் அந்தச் சின்னத் திரையை நேரே பார்த்தாள். மகளின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"ஐ கிவ் யூ" என்றாள் அந்தக் கிழவியிடம். "குட் மதர். ஈட் ரைஸ்."

கிழவி இரண்டு கையையும் கூப்பினாள். எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டாளோ தெரியாது.

வாசலில் சலசலப்பு. இங்கிலீஷ் தெரியாதவர்கள்தான், ஆனால் ஒரு மாதமாக அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அதன் அர்த்தம் தெரியாதவர்கள் லயத்தில் இல்லை. "அப்ப குடுத்துத்தான் இருக்கா. இத்தன வருசமா இல்லன்னு சாதிச்சாளே" என்று யாரோ அடிக்குரலில் சொன்னார்கள். "வாய் தொறந்து ஒத்துக்கிட்டாளே, பாத்தியா" என்றது இன்னொரு குரல். அழகம்மாவின் காதில் எல்லாம் விழுந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புறப்படும் நேரம் ஆனெக்கா பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்தது. ஹிமாயா தமிழில் சொன்னாள்.

"இவங்கட மகளாம். பேரு லோட்டெ குமாரி. பழைய பேப்பர்ல இவங்கட பேரு குமாரி எண்டு ஈந்திச்சாம். பெத்தவங்க ஆசையா வெச்ச பேரு, அது அழியக் கூடாது எண்டு தன் மகளுக்கும் வெச்சிருக்காங்களாம். அந்தப் பேர வெச்சது நீங்கதானே எண்டு கேக்குறாங்க."

குமாரி என்று ஒரு பேரை அழகம்மா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். தவிட்டுக்கு வாங்கும் பிள்ளைக்கு வாங்கிவந்த பிறகுதான் பேர் வைப்பது, அதுவரை பேர் கிடையாது. தவுட்டம்மா என்று வைப்பதாக அவளும் மூக்கையாவும் பேசி வைத்திருந்தார்கள். மூக்கையா சாகும்வரைக்கும், 'தவுட்டம்மாவுக்கு இப்ப பள்ளிக்கூட வயசு', 'தவுட்டம்மாவுக்கு இப்பக் கல்யாண வயசு' என்று சொல்லிக்கொண்டிருந்தான். குமாரி அந்த நோனா எழுதின பேராகத்தான் இருக்க வேண்டும், தாளில் ஒரு இடம் காலியாகக் கிடந்ததே என்று.

"ஆமாங்க" என்றாள் அழகம்மா. "நான் வச்ச பேருதான்."

ஹிமாயா அதை இங்கிலீஷில் சொன்னாள்.

மகள் படியிறங்கிப் போனாள். நுஹ்மான் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அழகம்மா லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை கண்ணை எடுக்கவே இல்லை. வேனுக்கு இன்னும் நாலு எட்டு இருக்கும்போது, அவளால் பொறுக்க முடியவில்லை.

"குமாரி!" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை சட்டென்று திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டியது.